ஒரே தெருவில் நாலு விதமான முதுமை

வயது ஏற ஏறச் சந்தோஷம் கூடுமா, குறையுமா? பொருளாதார ஆய்வாளர்கள் கொஞ்ச காலமாகவே இதற்கு ஒரு பதில் சொல்லி வருகிறார்கள். இளமையில் மனநிறைவு மேலே இருக்கும், நடுவயதில் இறங்கும், அப்புறம் மறுபடி ஏறும் என்கிறார்கள். கோடாக வரைந்தால் இரண்டு முனையிலும் கட்டித் தொங்கவிட்ட தூளி மாதிரி இருக்கும். டேவிட் பிளாஞ்ச்ஃபிளவர், ஆண்ட்ரூ ஆஸ்வால்ட் இருவரும் 2008-ல் இதைப் பற்றி எழுதிய கட்டுரை உலகம் முழுக்கப் பேசப்பட்டது. பிற்பாடு பிளாஞ்ச்ஃபிளவர் 145 நாடுகளின் தகவல்களை எடுத்துப் பார்த்தார். பணக்கார நாடோ ஏழை நாடோ, ஐம்பதை ஒட்டிய வயதில்தான் மனிதர்கள் மிகவும் சோர்ந்திருக்கிறார்கள், அதற்குப் பிறகு தேறிவிடுகிறார்கள் என்று அவர் முடிவு சொன்னார்.

நான் தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கத்தில் இ-சேவை மையம் நடத்துகிறேன். முதியோர் உதவித்தொகைக்கு, எங்கள் பக்கத்துப் பேச்சில் ஓஏபி-க்கு, மனுப் போட வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். ஐம்பதில் அடிமட்டம் தொட்டுவிட்டு இப்போது மேலே ஏறிக்கொண்டிருக்கிறார்கள் என்று அவர்களைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்காக அந்த ஆய்வைப் பொய் என்றும் சொல்ல மாட்டேன். எங்கள் தெருவிலேயே அப்படி ஏறி வந்தவர்கள் இருக்கிறார்கள். யார் ஏறுகிறார்கள், யார் இறங்குகிறார்கள், அதை எது முடிவு செய்கிறது என்று பல வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

முதலில் அந்தக் கோட்டைப் பற்றி ஒரு விஷயம். அதை வரையும்போது படிப்பு, கல்யாணம், வேலை போன்றவற்றில் ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசத்தைக் கணக்கிலிருந்து கழித்துவிடுகிறார்கள். மற்றதெல்லாம் ஒன்றாக இருந்தால் வயது மட்டும் என்ன செய்யும் என்று தெரிய வேண்டும் என்பதற்காக. ஆராய்ச்சிக்கு அது தேவைதான். ஆனால் முதுமை என்பதே மற்றதெல்லாம் ஒன்றாக இல்லாமல் போவதுதானே? புருஷன் போய்விடுகிறார், வேலை போய்விடுகிறது, முட்டி போய்விடுகிறது. இவற்றைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மிஞ்சுகிற வயது மனசுக்கு நல்லதாகத் தெரியலாம். மனிதர்கள் வாழ்வது கழிக்காத வயதை.

கழிக்காமல் பார்த்தால் என்ன தெரியும் என்பதற்கும் பதில் இருக்கிறது. ஆண்ட்ரூ ஸ்டெப்டோ, ஆங்கஸ் டீட்டன், ஆர்தர் ஸ்டோன் மூவரும் 2015-ல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். அமெரிக்கா, பிரிட்டன் மாதிரி ஆங்கிலம் பேசும் பணக்கார நாடுகளில் அந்தத் தூளி வடிவம் தெரிகிறது. பழைய சோவியத் நாடுகளிலும் கிழக்கு ஐரோப்பாவிலும் வயதாக ஆக வாழ்க்கைத் திருப்தி இறங்கிக்கொண்டே போகிறது. அங்கே வயதானவர்கள் ஒரு அரசை நம்பி உழைத்தார்கள். 1990-களில் அந்த அரசே கலைந்துபோனது, சேமிப்பை விலைவாசி விழுங்கியது, ஓய்வூதியம் ரொட்டிக்கும் காணாத காசானது. இருபது வயதுக்காரனுக்கு அதே மாற்றம் புது வாய்ப்பாகத் தெரிந்திருக்கும். அறுபது வயதுக்காரர் மறுபடி முதலிலிருந்து எங்கே தொடங்குவார்?

அதனால் வயதுக்கும் சந்தோஷத்துக்கும் நடுவில் அரசு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. கோஸ்டா எஸ்பிங்-ஆண்டர்சன் என்ற டென்மார்க்கைச் சேர்ந்த சமூகவியலாளர் 1990-ல் பணக்கார நாடுகளின் நலத்திட்ட முறைகளை மூன்று வகையாகப் பிரித்தார். ஸ்வீடன், டென்மார்க் மாதிரி நாடுகளில் குடிமகனாக இருந்தாலே உரிமை உண்டு. ஜெர்மனி மாதிரி நாடுகளில் வேலையில் இருந்தபோது கட்டிய சந்தாவைப் பொறுத்துக் கிடைக்கும். அமெரிக்கா மாதிரி நாடுகளில் சந்தையில் நீயே பார்த்துக்கொள், முடியாதவர் என்று நிரூபித்தால் உதவி என்பது வழக்கம். இதைப் படித்தபோது எனக்கு அந்த நாடுகள் எதுவும் ஞாபகம் வரவில்லை. எங்கள் தெருதான் ஞாபகம் வந்தது. அந்த மூன்றும் இங்கே பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருக்கின்றன.

ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். வாழ்நாள் சான்றுக்கு என்னிடம் வருவார். 2003 ஏப்ரலுக்கு முன் பணியில் சேர்ந்தவர் என்பதால் பழைய ஓய்வூதியம். மாசம் பிறந்தால் பணம் வந்துவிடும், அகவிலைப்படி ஏறினால் அவருக்கும் ஏறும். எண்பது வயதானால் ஓய்வூதியத்தில் 20 விழுக்காடு கூடுதலாகச் சேரும். "நான் போனாலும் அவளுக்குக் குடும்ப ஓய்வூதியம் வரும்மா, ஒரு கவலை இல்ல" என்று ஒரு தடவை சொன்னார். பேரனின் கல்லூரிக் கட்டணத்துக்கு அவர்தான் கொடுக்கிறார். வீட்டில் நிலம் விற்பதா வேண்டாமா என்று பேச்சு வந்தால் அவரைக் கேட்காமல் முடிவாகாது. ஆய்வாளர்கள் சொல்கிற மேலே ஏறும் கோடு இவர் விஷயத்தில் அப்படியே பொருந்துகிறது. பணியில் இருந்தபோது எப்போதும் சிடுசிடுப்பாக இருந்தவர் என்று அவரிடம் படித்தவர்கள் சொல்வார்கள். இப்போது அப்படி இல்லை.

நாலு வீடு தள்ளி ஓசூர் சிப்காட்டில் இருபத்தைந்து வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர் இருக்கிறார். பி.எஃப். பென்ஷன் இரண்டாயிரத்துச் சொச்சம் வருகிறது. இந்தத் திட்டத்தில் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014 செப்டம்பரிலிருந்து 1,000 ரூபாய், இன்றுவரை அதேதான். கட்டிய அளவுக்குத்தான் வரும். நடுவில் ஒப்பந்தக்காரர் மூலம் வேலை பார்த்த வருஷங்கள் கணக்கில் ஏறவில்லை. இது அன்றைய ஜெர்மன் ஆட்சித் தலைவர் பிஸ்மார்க் 1889-ல் அங்கே கொண்டுவந்த முதியோர் காப்பீட்டின் தூரத்துப் பேரப்பிள்ளை. தொழிலாளி, முதலாளி, அரசு மூவரும் பணம் போட, எழுபது வயதில் ஓய்வூதியம் என்று தொடங்கியது அது. எங்கள் ஆள் இந்த வயதிலும் இரவு வாட்ச்மேன் வேலைக்குப் போகிறார். சந்தோஷமா என்று கேட்டால் சிரிப்பார், "ஓடுது" என்பார்.

அவரோடு ஒன்றாகப் பள்ளிக்கூடம் போன இன்னொருவர் பெங்களூரில் கட்டட வேலை பார்த்தவர். எங்கள் மாவட்டத்தில் பாதிக் குடும்பங்களின் கதை அது. மழை இல்லை என்றால் பஸ் ஏறுவார்கள். உழைப்பு முழுக்கக் கர்நாடகத்தில் போனது, தமிழ்நாட்டுக் கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்து அட்டை போடவில்லை. எந்தக் கணக்கிலும் அவர் பெயர் இல்லை. அவருக்கு இருப்பது ஓஏபி மட்டும்தான். அதுவும் அவருக்கும் அவர் மனைவிக்கும் கிடைத்தால்.

இங்கே கொஞ்சம் நின்று எழுத வேண்டும். ஏனென்றால் என் வேலையில் நான் பார்க்கிற துக்கம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 1962-ல் தொடங்கியது. நாட்டிலேயே மற்ற பல மாநிலங்களுக்கு முன்னால். மத்திய அரசு 1995-ல்தான் வந்தது. இன்று மாசம் 1,200 ரூபாய். 2011-லிருந்து 1,000 ஆக இருந்து 2023-ல் கூடியது. இதில் மத்திய அரசின் பங்கு அறுபதிலிருந்து எழுபத்தொன்பது வயது வரை 200 ரூபாய், எண்பதுக்கு மேல் 500. அந்த 200 பதினைந்து வருஷத்துக்கும் மேலாக அப்படியே நிற்கிறது. மிச்சத்தை மாநிலம் போடுகிறது. தொகை குறைவு என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்வேன். ஆனால் 1,200 ரூபாய் வருகிறவர்கள் முகத்துக்கும் வராதவர்கள் முகத்துக்கும் உள்ள வித்தியாசத்தை என் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தால், தொகையைவிடப் பெரிய விஷயம் வேறொன்று இருப்பது தெரியும்.

ஓர் ஆயா மனுப் போட வருகிறார் என்று வையுங்கள். முதல் சிக்கல் வயது. ஆதாரில் 01-01-1970 என்று இருக்கிறது. பிறந்த தேதி தெரியாதவர்களுக்கு அன்றைக்குக் கேம்பில் வாய்க்கு வந்த வருஷத்தைப் போட்டு, ஜனவரி ஒன்றாம் தேதி என்று பதிந்தார்கள். ஆயாவைக் கேட்டால், "எம்.ஜி.ஆர். செத்த வருசம் என் மூணாவது புள்ளைக்குப் பால் மறக்கடிச்சேன் கண்ணு" என்கிறார். எம்.ஜி.ஆர். இறந்தது 1987 டிசம்பர். ஆதார்படி பார்த்தால் அப்போது அவருக்குப் பதினேழு வயது, மூன்று பிள்ளைகள். கணக்கு உதைக்கிறது என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. பள்ளிக்கூடமே போகாதவருக்குப் பள்ளிச் சான்று எங்கிருந்து வரும்? இதில் இன்னொரு கொடுமை உண்டு. தர்மபுரி மண்ணின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முன் போர்த் தண்ணீர் குடித்தே வளர்ந்தவர்கள் இவர்கள். பல் பழுப்பேறி, மூட்டு இறுகி, ஐம்பதிலேயே கிழவியாகிப் போன உடம்பு. எலும்புக்கு எழுபது ஆகிவிட்டது, காகிதத்துக்கு அறுபது ஆகவில்லை.

வயது சரியாக இருந்தால் அடுத்தது விசாரணை. ஆதரவு இல்லாதவர், வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர் என்று தெரிய வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்ப்பார். பசங்க இருக்காங்களா, பாத்துக்கறாங்களா என்று கேட்பார். அவர் கேட்டுத்தான் ஆக வேண்டும், விதி அப்படி. ஆனால் அந்தக் கேள்விக்கு ஆயா என்ன பதில் சொல்ல முடியும்? பார்த்துக்கொள்கிறான் என்றால் பணம் கிடைக்காது. பார்த்துக்கொள்ளவில்லை என்றால் பெற்ற பிள்ளையைத் தெருவில் வைத்துக் காட்டிக்கொடுத்த மாதிரி. என் மையத்தில் ஒருநாள் ஓர் அம்மா இந்த விவரத்தைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஏன் என்று வெளியே பார்த்தேன். மகன் வண்டியை ஸ்டாண்டு போட்டுக் காத்திருந்தான். அவன்தான் அழைத்து வந்திருக்கிறான். கூலிக்குப் போகிற நாளை விட்டுவிட்டு, அம்மாவை வண்டியில் உட்காரவைத்து, தான் அவரைக் கவனிக்கவில்லை என்று எழுதிக்கொடுக்கக் கூட்டி வந்திருக்கிறான். அவனுக்கு மூன்று பிள்ளைகள். அவன் கவனிக்காதவன் இல்லை, கவனிக்கப் போதாதவன்.

இதற்கு அப்புறம் ஆயாவுக்குப் பணம் வந்தாலும், அந்தப் பணம் ஒரு பொய்யின் மேலோ ஒரு அவமானத்தின் மேலோதான் வருகிறது. எனக்கு இது பொறுக்கவில்லை.

பிரிட்டனில் 1908-ல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்தபோது இதே வாதம் அங்கே நடந்திருக்கிறது. எழுபது வயதானவருக்கு வாரம் அஞ்சு ஷில்லிங். அதிலும் வருமானச் சோதனை இருந்தது, நடத்தைச் சோதனை கூட இருந்தது. சமீபத்தில் ஏழை நிவாரணம் வாங்கியவருக்கும் சிறை சென்று வந்தவருக்கும் கிடையாது. ஆனாலும் ஒன்றைச் சரியாகச் செய்தார்கள். பணத்தைத் தபால் நிலையத்தில் கொடுத்தார்கள். அதுவரை ஏழை முதியவர் என்றால் நிவாரண அதிகாரி முன்னால் நிற்க வேண்டும், அல்லது ஏழை விடுதிக்குப் போக வேண்டும். இப்போது மற்ற எல்லோரும் போகிற தபால் நிலையத்துக்குப் போய், புத்தகத்தை நீட்டி, வாங்கிக்கொண்டு வரலாம். கேட்கிற இடம் மாறியதும் கேட்பவரின் நிமிர்வும் மாறியது.

ஸ்காண்டிநேவிய நாடுகள் இன்னும் தூரம் போயின. உலக மகிழ்ச்சி அறிக்கை 2024-ல் வயதுவாரியாகப் பட்டியல் போட்டார்கள். அறுபதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் டென்மார்க்காரர்கள் முதலிடம். அங்கே நீண்ட நாள் வசித்தவர் என்பதற்காகவே அடிப்படை ஓய்வூதியம் உண்டு, மகன் இருக்கிறானா என்று யாரும் கேட்பதில்லை. அதே பட்டியலில் அமெரிக்காவில் முதியவர்கள் பத்தாவது இடம், முப்பதுக்குக் கீழே உள்ளவர்கள் அறுபத்திரண்டாவது இடம். எனக்கு இது மிக முக்கியமாகப் பட்டது. அமெரிக்காவில் நலத்திட்டம் குறைவு என்போம். ஆனால் முதியவர்களுக்கு மட்டும் அங்கே 1935-லிருந்து சோஷியல் செக்யூரிட்டி என்ற ஓய்வூதியம், 1965-லிருந்து மெடிகேர் என்ற மருத்துவக் காப்பீடு உண்டு. 1959-ல் அங்கே முதியவர்களில் 35 விழுக்காட்டினர் வறுமையில் இருந்தார்கள், இப்போது 10 விழுக்காட்டை ஒட்டி. ஓய்வூதியம் சந்தா கட்டி வாங்குவதுதான், ஆனாலும் ஏறக்குறைய எல்லோருக்கும் வருகிறது, விலைவாசி ஏறினால் தானாக ஏறுகிறது. இளைஞர்களுக்கு அந்த மாதிரி எதுவும் இல்லை. ஒரே நாடு, வயதுக்கு ஒரு நலத்திட்டம், வயதுக்கு ஒரு சந்தோஷம்.

நாம் போய்க்கொண்டிருக்கிற பாதையில் எனக்குப் பயம் தருவது தென்கொரியா. பெற்றோரைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள் என்பதுதான் அங்கேயும் ஊரறிந்த நியாயம். தேசிய ஓய்வூதியம் 1988-ல்தான் தொடங்கியது. நாடு மளமளவென்று பணக்கார நாடானது, பிள்ளைகள் தலைநகர் சோலுக்குப் போனார்கள், குடும்பம் சிறுத்தது. வயதானவர்களுக்குப் பழைய நியாயமும் கைகொடுக்கவில்லை, புது ஓய்வூதியமும் போதவில்லை. முதியவர்களில் 40 விழுக்காட்டை ஒட்டியவர்கள் வறுமையில் இருக்கிறார்கள் என்ற நிலை வந்தது. வளர்ந்த நாடுகளிலேயே மிக அதிகம். சோலுக்குப் பதிலாகப் பெங்களூர், திருப்பூர் என்று போட்டால் எங்கள் ஊர்.

இந்தியாவைப் பற்றி அதே 2024 அறிக்கையில் ஓர் அத்தியாயம் இருக்கிறது. இங்கேயும் வயது கூடும்போது திருப்தி கூடுகிறது, அது பணக்கார நாடுகளுக்கு மட்டும் உரியதல்ல என்று அதில் சொல்கிறார்கள். திருப்தியை முடிவு செய்வதில் முன்னால் நிற்பவை, யாரோடு எப்படி வாழ்கிறோம் என்பதில் உள்ள நிறைவு, தன்னைப் பாகுபாட்டோடு நடத்துகிறார்களா என்ற உணர்வு, உடல்நலம் பற்றிய சொந்த மதிப்பீடு. இதை நான் நம்புகிறேன். எங்கள் பக்கத்தில் பேரப்பிள்ளைகள் சுற்றி ஓடும் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற முதியவரை எந்த வெளிநாட்டு முதியோர் இல்லத்தோடும் ஒப்பிட மாட்டேன். ஆனால் அந்தத் திண்ணையில் மரியாதையாக உட்காரக் கையில் கொஞ்சம் பணம் வேண்டும். பத்து ரூபாய் எடுத்துப் பேத்திக்கு முறுக்கு வாங்கிக்கொடுக்க முடிகிற ஆயா வேறு, மருமகளிடம் கேட்டு வெற்றிலை வாங்குகிற ஆயா வேறு. தென்னாப்பிரிக்காவில் 1990-களின் தொடக்கத்தில் கறுப்பின முதியவர்களுக்கும் முழு ஓய்வூதியம் வந்தபோது என்ன நடந்தது என்று பொருளாதார ஆய்வாளர் எஸ்தர் டஃப்ளோ ஆராய்ந்தார். பாட்டிக்குப் பணம் வந்த வீடுகளில் பேத்திகளின் எடையும் உயரமும் தேறின. தாத்தாவுக்கு வந்த வீடுகளில் அப்படி ஒன்றும் தெரியவில்லை. எங்கள் ஊர்ப் பெண்கள் யாருக்கும் இதைக் கேட்டு ஆச்சரியம் வராது.

நாலாவது விதமான முதுமையைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. அதைப் பார்க்க டவுன் பஸ் ஏற வேண்டும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது. ஒயர் கூடையில் ரெண்டு தேங்காய், கொஞ்சம் புளி, முருங்கைக்காய் கட்டு வைத்துக்கொண்டு மகள் ஊருக்குப் போகிற ஆயாக்களைப் பாருங்கள். ஏறுகிறார்கள், சீட்டு வாங்குகிறார்கள், உட்கார்ந்தவுடன் பக்கத்து சீட்டோடு பேச்சு. நீ ஏழையா, மகன் இருக்கிறானா, ஆதாரில் என்ன வயது என்று கண்டக்டர் கேட்பதில்லை. முன்பெல்லாம் மகள் வீட்டுக்குப் போக மகனிடம் பஸ் காசு கேட்க வேண்டும், அவன் எதற்கு என்பான். இப்போது நினைத்த அன்று கிளம்பிவிடுகிறார்கள்.

ரேஷன் அரிசியும் அப்படித்தான். வறுமைக் கோடு பார்க்காமல் அரிசி அட்டைக்கு அரிசி. 2023-ல் நீலகிரியோடு சேர்த்து எங்கள் மாவட்டத்தில் அரிசியில் ரெண்டு கிலோவுக்குப் பதில் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். களி தின்று வளர்ந்த தலைமுறைக்கு அது என்ன மாதிரி சந்தோஷம் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் புரியாது. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில். பிரஷர் மாத்திரையும் சுகர் மாத்திரையும் வீட்டு வாசலுக்கு வருகின்றன. மாத்திரை கொண்டுவருகிற பெண் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு ரெண்டு நிமிஷம் பேசிவிட்டுப் போகிறார். அந்த ரெண்டு நிமிஷத்துக்காகக் காலையிலேயே தலை சீவி உட்கார்ந்திருப்பவர்களை எனக்குத் தெரியும்.

ஆக, ஒரே ஆயா பஸ்ஸில் டென்மார்க்கில் வாழ்கிறார், ஓஏபி விசாரணையில் பழைய பிரிட்டனின் நிவாரண வரிசையில் நிற்கிறார். அவர் குறையுமில்லை, அவர் மகன் குறையுமில்லை.

எல்லோருக்கும் கொடுக்க அரசிடம் பணம் ஏது என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 2021-க்கான கணிப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் 13.6 விழுக்காட்டினர் அறுபதைத் தாண்டியவர்கள். ஏறக்குறைய ஒரு கோடிப் பேர். ஆளுக்கு 1,200 என்றால் வருஷத்துக்கு 14,400 கோடி. பெரிய தொகை. ஆனால் அந்த அளவில் ஒரு திட்டத்தை இந்த மாநிலம் ஏற்கெனவே நடத்திக்கொண்டிருக்கிறது. மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்பப் பதிவு முகாமை முதலமைச்சர் தொடங்கிவைத்தது எங்கள் தொப்பூரில், 2023 ஜூலையில். தொடக்கத்திலேயே ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்களுக்கு மாசம் 1,000 ரூபாய் போனது. தவிர, இன்று ஓஏபி வாங்குகிற பல லட்சம் பேருக்கான செலவு ஏற்கெனவே பட்ஜெட்டில் இருக்கிறது. அரசு ஓய்வூதியம் வாங்குபவர்களையும் வருமான வரி கட்டுபவர்களையும் தவிர்த்துவிடலாம். அது பதிவேட்டைப் பார்த்தாலே தெரியும், தெருவில் நின்று விசாரிக்கத் தேவையில்லை. மொரீஷியஸ் 1958-லேயே முதியவர் எல்லோருக்கும் ஓய்வூதியம் என்று அறிவித்தது, அன்று அது கரும்புத் தோட்டங்களை நம்பிய ஏழைத் தீவு. நேபாளம் 1990-களின் நடுவில் எழுபத்தைந்து வயது தாண்டிய எல்லோருக்கும் மாசம் நூறு ரூபாய் என்று ஆரம்பித்தது, பின்னர் வயதைக் குறைத்துத் தொகையைக் கூட்டியது. நாமும் எழுபதிலிருந்து தொடங்கலாம். எழுபது வயதானவரிடம் மகனைப் பற்றிய கேள்வி கேட்க மாட்டோம் என்று மட்டும் முதலில் முடிவெடுத்தால் போதும்.

2007-ல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். பிள்ளைகள்மேல் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம், மாசம் பத்தாயிரம் வரை பராமரிப்புத் தொகை உத்தரவிடலாம். சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு துரத்திய பிள்ளைகளுக்கு அது சரியான மருந்து. மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு கூலிக்குப் போகிறவனுக்கு எதிராக எந்தத் தாய் மனுக் கொடுப்பாள்? என் மையத்தில் யாரும் கேட்டு வந்ததில்லை.

விதி மாறும்வரை இருக்கிற விதிக்குள் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஊரில் அறுபது தாண்டி ஓஏபி வராதவர் யாராவது இருந்தால் ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், போட்டோ எடுத்துக்கொண்டு பக்கத்து இ-சேவை மையத்துக்கு அழைத்துப் போங்கள். ஆதார் வயது தவறாக இருந்தால் பழைய வாக்காளர் அட்டை, பிள்ளைகளின் பள்ளிச் சான்று எது இருந்தாலும் கூடவே கொண்டுபோங்கள். மூத்த பிள்ளையின் பிறந்த வருஷத்தைக் காட்டித் தாயின் வயதை எடுத்துச் சொல்ல முடிகிற இடங்கள் உண்டு. மனு எண் உள்ள ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். தள்ளுபடி ஆனால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அதை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போகலாம். ஆயாவைத் தனியாக அனுப்பாதீர்கள், கூட ஒருவர் போங்கள்.